மேனாம்பேட்டில் ஒரு போகம்

எங்கள் வீட்டு ஜன்னலுக்கு வெளியே ஒரே ஒரு வருடம் நெல் விளைந்தது. மேனாம்பேட்டில் ஏது நெல் என்று கேட்பவர்களிடம் நான் இப்போதெல்லாம் வாதாடுவதில்லை. அந்த இடத்தில் லிஃப்ட் வைத்த நான்கு மாடிக் கட்டடம் நிற்கிறது. அதன் கார் நிறுத்துமிடத்தைக் காட்டி, இங்கேதான் கதிர் என் தோள் உயரத்துக்கு நின்றது என்று சொன்னால், கேட்பவர்கள் கட்டடத்தை விட்டுவிட்டு என்னைத்தான் ஏற இறங்கப் பார்க்கிறார்கள். எனக்கே சில நாள் அது காய்ச்சலில் கண்ட கனவோ என்று தோன்றும். காலையில் கண் விழித்தால் சுவரெல்லாம் பச்சை வெளிச்சம் அசைந்துகொண்டிருந்த ஒரு அறையை வேறு எப்படித்தான் விளக்குவது?

அப்போது நான் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அப்பா பாடியில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தார். நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டை ஒட்டி இரண்டு கிரவுண்டு காலிமனை கிடந்தது. அதுவும் வீட்டுக்காரருடையதுதான். அவர் மகனோடு வெளியூரில் இருந்ததால், மனையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அப்பாவுக்கு வந்திருந்தது. பார்த்துக்கொள்வது என்றால், குப்பை கொட்ட வருகிறவர்களை ஜன்னல் வழியாக முறைப்பது. மனை தாழ்வானது. ஐப்பசியில் தேங்குகிற மழைத் தண்ணீர் தை பிறந்தும் வடியாது. தவளைகளுக்கு அது ஏரி, எங்களுக்குக் கொசு.

சித்தி எங்களோடுதான் இருந்தாள். அம்மாவின் தங்கை, அம்மாவைவிட நிறைய வயது சின்னவள். அவர்களைப் பெற்றவர்கள் முன்பே போய்விட்டதால் சித்திக்கு எங்கள் வீடுதான் வீடு. விவசாயக் கல்லூரியில் படித்து முடித்துவிட்டு, அந்தப் படிப்புக்கு ஏற்ற வேலை கிடைக்காமல், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் நாள் முழுக்கத் திருகாணிகளின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தாள். ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறை ஜன்னலருகே நின்று காலிமனையை வெகுநேரம் பார்த்தவள், அதில் நெல் நடப்போவதாகச் சொன்னாள். அப்பா சிரித்தார். சித்தி சிரிக்கவில்லை.

“நாலு வருஷம் படிச்சிருக்கேன் மாமா. படிச்சதெல்லாம் நெஜந்தானான்னு ஒரு தடவை பாத்துடறேன்.”

குப்பை கொட்டுகிறவர்களை முறைக்கிற வேலை மிச்சமாகும் என்று அப்பா நினைத்திருக்க வேண்டும். பொங்கலுக்கு வீட்டுக்காரர் வருவதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்று சொல்லி ஒத்துக்கொண்டார்.

முதலில் விளைந்தது குப்பைதான். கண்ணாடித் துண்டு, பால் கவர், ஓட்டுச் சில்லு, ஒற்றைச் செருப்பு என்று சித்தியும் நானும் மூட்டை மூட்டையாகப் பொறுக்கினோம். அதற்கெல்லாம் கீழே கரிய களிமண் இருந்தது. ஒரு கட்டியை நனைத்து விரலால் தேய்த்துப் பார்த்த சித்தி, ஒரு காலத்தில் இந்தப் பக்கமாக ஏரிக்கு வாய்க்கால் ஓடியிருக்க வேண்டும் என்றாள். அன்று முதல் நான் அந்த மனையில் காலை மெதுவாக வைத்தேன். கீழே இன்னும் வாய்க்கால் ஓடிக்கொண்டிருப்பதாகவும், அழுத்தி மிதித்தால் அது விழித்துக்கொள்ளும் என்றும் எனக்குத் தோன்றியது.

விதை வாங்க பூந்தமல்லிக்கு பஸ்ஸில் போனோம். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு விதைக்கடை. புண்ணாக்கும் தவிடும் கலந்த வாசனை. கடையைப் பார்த்துக்கொண்ட இளைஞர் சித்தியிடம் எத்தனை ஏக்கருக்கு என்று கேட்டார். இரண்டு கிரவுண்டு என்றாள் சித்தி.

“கிரவுண்டா? அத்துல ஊடுதாங்க கட்டுவாங்க” என்றார் அவர்.

அரைக் கிலோ விதை போதும் என்று சித்தி சொன்னதும் அவருக்குக் கடையையே அவமதித்துவிட்டதுபோல் ஆகிவிட்டது. அவர்கள் மூட்டைக் கணக்கில் விற்கிறவர்கள். குத்துக்கு ஒரே ஒரு நாற்று, அதையும் இளசாக, ஒன்றுக்கொன்று நன்றாகத் தள்ளித் தள்ளி நடப்போகிறேன் என்று சித்தி விளக்கினாள். நெருக்கி நட்டால் ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளும், தள்ளி நட்டால் தூர் கட்டிப் பரவும் என்றாள். வாங்க வந்தவள் விற்கிறவருக்கு இவ்வளவு நேரம் பாடம் எடுப்பது எனக்கே சங்கடமாக இருந்தது. அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில், “நான் நம்பலீங்க. வந்து பாக்குறேன், அப்பால நம்புறேன்” என்று சொல்லி விதையைப் பொட்டலம் கட்டினார்.

வீட்டில் சித்தி ஒரு வாளித் தண்ணீரில் கல் உப்பைப் போட்டுக் கரைத்து, அதில் ஒரு முட்டையை விட்டாள். முட்டையின் தலை கொஞ்சம் வெளியே தெரிகிறவரை உப்பு போட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு விதையைக் கொட்டினாள். மிதந்ததெல்லாம் பதர்; மூழ்கியதுதான் விதை. எங்களில் அம்மாவுக்கு மட்டும் முட்டையைப் பற்றிக் கவலை. நான், முட்டைதான் விதைகளுக்கு நீந்தச் சொல்லிக்கொடுக்கிறது, நீந்தத் தெரிந்ததைத் தூக்கி எறிவது அநியாயம் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு இலை விட்டதுமே நாற்றுகளைச் சித்தி வயலுக்குக் கொண்டுபோய்விட்டாள். ஒவ்வொன்றையும் வேரில் ஒட்டிய மண் உதிராமல், தூங்குகிற குழந்தையைத் தொட்டிலுக்கு மாற்றுவதுபோல் எடுத்துப் போனாள். கயிறு கட்டி, குறுக்கும் நெடுக்கும் சதுரம் சதுரமாக நட்டாள். நட்டு முடித்ததும் மொட்டைமாடியிலிருந்து பார்த்தேன். வழுக்கைத் தலையில் நாலு மயிர் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. எதிர்வீட்டுக்காரம்மா தெருவில் நின்று, “இன்னாம்மா, பாதி நடவுலயே ஆளுங்க ஓடிட்டாங்களா?” என்று அக்கறையாக விசாரித்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விதைக்கடைக்காரர் சொன்னபடி வந்தார். ஸ்கூட்டரின் பின்னால் இரண்டு இரும்பு உருளைகளும் நீளமான கைப்பிடியும் வைத்த களைக்கருவி ஒன்றைக் கட்டிக் கொண்டுவந்திருந்தார். கடையில் யாரும் வாங்காமல் துருப்பிடித்துக் கிடந்ததாம். சதுரமாக நட்டிருந்ததால் அதை இந்தப் பக்கமும் தள்ளலாம், அந்தப் பக்கமும் தள்ளலாம். களை சேற்றில் அமுங்கி அங்கேயே எருவாகிவிடும். அவர் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கித் தள்ளினார். அடுத்த ஞாயிறும் வந்தார். அதற்கடுத்த ஞாயிறும். அந்த வயலில் அத்தனை களை இருந்ததாக எனக்கு நினைவில்லை.

அவர்கள் பேசியது முழுக்கப் பயிரைப் பற்றித்தான். வரப்பில் உட்கார்ந்து முறுக்கு தின்றபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த நானே அதற்குச் சாட்சி. மண்ணில் மயிரிழை அளவு வெடிப்பு விழும்வரை சித்தி தண்ணீர் விடமாட்டாள். அது அவருக்குப் பொறுக்காது. தண்ணி உடாம கொல்றீங்களே என்பார். வேர் தண்ணீரைத் தேடிக் கீழே இறங்கட்டும் என்பாள் இவள். பிறகு அவர் குனிந்து வெடிப்பைப் பார்ப்பார். இவளும் குனிந்து பார்ப்பாள். ஒரு வெடிப்பை இரண்டு பெரியவர்கள் அவ்வளவு நேரம் பார்க்க முடியும் என்று எனக்கு அதற்கு முன்னால் தெரியாது. சித்தியிடம் ஒரு அட்டை இருந்தது. இளம் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை வரிசையாகப் பட்டைகள் போட்டது. அதை இலையோடு சேர்த்துப் பிடித்து, எந்தப் பச்சைக்கு ஒத்துப்போகிறது என்று பார்த்துத்தான் உரம் போட வேண்டுமா வேண்டாமா என்று சொல்வாள். அந்த வேலையில் இலை மேல் நேர் வெயில் படக்கூடாதாம். அதனால் அவர் வெயிலை மறைத்து நகர்ந்து நகர்ந்து நிற்பார். கடைசியில் எப்போதும் சித்தியின் பக்கத்தில் போய் நின்றிருப்பார்.

ஐப்பசி வந்தபோது அந்த நாலு மயிர் எங்கே போனது என்று தெரியவில்லை. ஒற்றை நாற்று ஒவ்வொன்றும் என் இரண்டு கைகளாலும் சேர்த்துப் பிடிக்க முடியாத கொத்தாகிவிட்டிருந்தது. தெருவுக்கு வெளிச்சமே வேறு மாதிரி ஆயிற்று. ஏரிப் பக்கத்திலிருந்து கொக்குகள் வந்து எங்கள் ஜன்னலுக்கு நேரே நின்றன. தும்பிகள் சமையலறைக்குள் வந்து திரும்பிப் போயின. ஸ்கூல் வேன் வரும்வரை நான் படியில் உட்கார்ந்திருப்பேன். காற்று வீசும்போது பயிர் ஒரு பக்கமாகச் சாயும். சாய்ந்த இடமெல்லாம் நிறம் மாறும். யாரோ கண்ணுக்குத் தெரியாமல் நடந்து போவதுபோல் இருக்கும். வேன் டிரைவர்கூட ஹாரன் அடிக்காமல் கொஞ்சம் நின்று பார்ப்பார். அப்பா, இரண்டாம் ஷிப்ட் போகும் நாட்களில் காப்பியை எடுத்துக்கொண்டு வரப்புக்குப் போய் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். யாரும் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் உடனே உள்ளே வந்துவிடுவார்.

கார்த்திகையில் புயல் சின்னம் என்றார்கள். பள்ளிக்கூடம் லீவு. விடாமல் பெய்தது. தெருத் தண்ணீரெல்லாம் தாழ்ந்த மனையைத் தேடி வந்தது. மறுநாள் காலையில் ஜன்னலுக்கு வெளியே பயிரின் நுனிகள் மட்டும் தெரிந்தன. சித்தி இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஒரு தண்டைப் பிடுங்கி வந்து, நகத்தால் கீறி எனக்குக் காட்டினாள். உள்ளே வெள்ளைப் பட்டு நூல் போல ஒன்று சுருண்டு கிடந்தது. அதுதான் கதிர் என்றாள். பயிர் சூல் கட்டிவிட்டது. இந்த நேரத்தில் மூழ்கிக் கிடந்தால் உள்ளேயே அழுகிவிடும். சொல்லும்போது அவள் உதடு நடுங்கியது. குளிரில் என்று நினைத்தேன். அப்பா ஷிப்டில் இருந்தார். உள்ளே வாடி, போனது போகட்டும் என்று அம்மா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். சித்தி செல்போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே போனாள்.

மழையிலேயே ஒரு லோடு ஆட்டோவில் ஆயில் எஞ்சினும் குழாயுமாக விதைக்கடைக்காரர் வந்து இறங்கினார். தண்ணீரை இறைப்பது பெரிய விஷயமில்லை. இறைத்த தண்ணீரை எங்கே விடுவது என்பதுதான் விஷயம். தெருவைத் தாண்டிப் பெரிய கால்வாய்க்கு விட வேண்டும். வழியில் இருக்கிற வாசல்களிலெல்லாம் கொஞ்சம் தண்ணீர் ஏறும். யாரும் சம்மதிக்கவில்லை. நம்ம ஊட்டுல தண்ணி பூந்துகினு கீது, இதுல உங்க வயலு வேறயா என்று ஒருவர் சத்தம் போட்டார். விதைக்கடைக்காரர் நனைந்தபடியே வாசல் வாசலாகப் போய், ஒரே ஒரு மத்தியானம் பொறுத்துக்கொள்ளும்படி கேட்டார். கடைசியில் எதிர்வீட்டுக்காரம்மா கேட்டுக்கு வெளியே வந்து நின்றார்.

“கதிரு கட்டிக்கிச்சா?”

“உள்ளாற கீதும்மா” என்றார் அவர்.

“அப்ப இன்னாத்துக்கு நின்னுகினு கீற? உடு, தண்ணி போவட்டும்.”

எஞ்சின் மத்தியானம் முழுக்க ஓடியது. தண்ணீர் மெல்ல மெல்ல இறங்க, இலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து வெளியே வந்தன. சித்தி அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றாள். நனையக்கூடாதது எஞ்சின்தான், அதற்குப் பிடி என்று நான் ஜன்னலிலிருந்து சொன்னேன். அவள் காதில் விழவில்லை. ஷிப்ட் முடிந்து வந்த அப்பா ரெயின்கோட்டோடு தெருமுனையில் நின்றுகொண்டிருந்தார். நான் கூப்பிட்டும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டுத்தான் வந்தார். வந்து, அவருக்குத் துண்டு கொடுத்தார், டீ கொடுக்கச் சொன்னார். எல்லாம் மரியாதையாகத்தான் நடந்தது. அவர் போன பிறகு உள்ளறையில் மூன்று பேரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை. ஏன் என்று அம்மாவிடம் கேட்டேன். இப்போது களை இல்லை, அதனால் வரவில்லை என்றாள். இதைவிடத் தெளிவான பதிலை நான் கேட்டதில்லை.

பயிர் பூத்தது. நெல் பூக்கும் என்பதே பலருக்குத் தெரியாது. முற்பகலில் கொஞ்ச நேரம் உமி இரண்டாகத் திறக்கும், தூசி போல ஏதோ தொங்கும், வெயில் ஏறினால் மூடிக்கொள்ளும். அந்த நேரத்தில் வயலுக்குள் போகாதே என்று சித்தி சொல்லியிருந்தாள். விடுமுறை நாட்களில் வரப்பில் நின்று அவளே அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கூப்பிட்டால் இரண்டாம் தடவைதான் திரும்புவாள். மார்கழியில் தினைக்குருவிகள் கூட்டம் கூட்டமாக வந்தபோது பழைய சிடிக்களைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம். அவை காற்றில் திரும்பித் திரும்பிக் கதிர்களின் மேல் வானவில் துண்டுகளை எறிந்தன. குருவிகள் பயப்படவில்லை. அவற்றுக்கும் அது பிடித்திருந்தது.

அறுக்கிற நாள் நெருங்கியது. சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் சித்தி சொன்னாள்.

“அன்னைக்கு அந்த எஞ்சின் வரலைன்னா இது இல்ல மாமா. அறுக்கும்போது அவர் இங்க இருக்கணும்.”

அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாதான் பேசினாள். “வரச் சொல்லு. அவங்க அம்மாவையும் கூட்டிட்டு வரச் சொல்லு.” அப்பா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். எனக்கும் அதுவே நியாயமாகப் பட்டது. விதை அவர்கள் கடையுடையது. பெரியவர்கள் வந்து பார்க்கத்தானே வேண்டும்.

அவர்கள் ஆட்டோவில் வந்தார்கள். அவருடைய அம்மா கறுப்பு புர்கா அணிந்திருந்தார். கையில் பேரீச்சம்பழ டப்பா. என் கன்னத்தைத் தொட்டு கண்ணு என்றார். அப்பாவும் சித்தியும் அவரும் எதிர்வீட்டுக்காரம்மா அனுப்பிய ஆளும் அறுத்தார்கள். துணி துவைக்கிற கல்லில் கதிரை ஓங்கி அடித்தார்கள். நான் கட்டுகளை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கழுத்தெல்லாம் அரித்தது. தார்ப்பாயில் நெல் மஞ்சள் குன்றாக ஏறியது. அந்தக் குன்றின் அடிவாரத்தில், வைக்கோல் மேல், இரண்டு அம்மாக்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

அவருடைய அம்மா ஒரு கைப்பிடி நெல்லை எடுத்து உள்ளங்கையில் தேய்த்து ஊதினார். “பதரே இல்ல பாரு, தங்கச்சி” என்றார். எங்கள் அம்மா ஆமாம் என்று தலையசைத்தாள். அடுத்த கட்டோடு நான் வந்தபோது அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்: “எனக்குத் தங்கச்சின்னு பேருதான்க்கா. நான் தூக்கி வளத்த புள்ள அவ.”

“எனக்கு மட்டும் இன்னாவாம்? ஒரே புள்ள” என்றார் அவருடைய அம்மா.

இதற்கும் நெல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று புரியாமல் திரும்பி ஓடினேன். அடுத்த தடவை வந்தபோது, ரெண்டு பக்கமும் ஆளுங்க சும்மா உட மாட்டாங்க என்றார் அந்த அம்மா. நம்ம ரெண்டு பேர் மட்டும் சரின்னா போதுமாக்கா என்று அம்மா கேட்டாள். அம்மாவின் கை நெல்லுக்குள் மணிக்கட்டுவரை புதைந்திருந்தது. அவருடைய அம்மா தன் கையையும் அதே இடத்தில் நுழைத்து உள்ளே எதையோ பிடித்துக்கொண்டார். நெல்லின் சூட்டைப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன்.

சித்தியும் அவரும் இன்னும் சில வருடங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. கடைசியில் பதிவாளர் அலுவலகத்தில் நடந்த கல்யாணத்துக்குச் சித்தி பக்கம் அம்மாவும் அவர் பக்கம் அவருடைய அம்மாவும் மட்டும்தான் வந்தார்கள். அப்பா வாசல்வரை வந்து எதிர் டீக்கடையில் நின்றுகொண்டார். வெளியே வந்தவர்களுக்கு அங்கிருந்தே டீ சொன்னதாக அம்மா பின்னாளில் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். அவரை நான் சித்தப்பா என்று கூப்பிடத் தொடங்கிப் பல வருடங்கள் ஆகிவிட்டன.

ஆனால் அறுப்பு நடந்த அன்று சாயங்காலம் எனக்கு எதுவும் பிடிபடவில்லை. ஒரு சின்ன மூட்டை நெல்லோடு அவர்கள் ஆட்டோ ஏறிப் போனார்கள். அம்மா சமையலறையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். அப்பா வெளியே போய்விட்டார். சித்தி தார்ப்பாயில் சிதறிய நெல்லை ஒன்று விடாமல் கூட்டிக்கொண்டிருந்தாள். யோசித்துப் பார்த்தேன். விளைச்சல் சித்தியின் பாடப் புத்தகத்தில் போட்டிருந்ததைவிடக் குறைந்திருக்க வேண்டும். இவ்வளவு பேருக்கு வேறென்ன துக்கம் இருக்க முடியும்? போய்ச் சித்தியின் பக்கத்தில் உட்கார்ந்து, நிறையத்தான் வந்திருக்கிறது, கவலைப்படாதே என்றேன்.

“நான் நெனச்சதுக்கு மேலயே வந்துடுச்சுடி” என்றாள் சித்தி.

பிறகு ஏன் அம்மா அழுகிறாள் என்று கேட்டேன். இனிமே எப்பன்னு யாருக்கும் தெரியல, அதான் என்றாள். இவ்வளவுதானா என்று எனக்கு நிம்மதியாகிவிட்டது. வீட்டுக்கார மாமா நல்லவர், நான் கேட்டால் மறுக்கமாட்டார், வருகிற ஆவணியில் மறுபடி நடலாம், எத்தனை நாளானாலும் காத்திருக்கலாம், நான் கூட இருந்து உதவி செய்கிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். சித்தி என் தலைமயிரில் ஒட்டியிருந்த வைக்கோலை ஒவ்வொன்றாக எடுத்தபடி, சரி என்றாள்.

அப்பா இருட்டுகிற நேரத்தில் திரும்பி வந்து வரப்பில் நின்றார். அறுத்த தாள்களுக்கு இடையே எதிர்வீட்டுக்காரம்மாவின் கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. நான் ஓடிப்போய், எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டேன், சித்தி காத்திருக்கிறேன் என்று ஒத்துக்கொண்டாள் என்று சொன்னேன்.

அப்பா என்னைக் குனிந்து பார்த்தார். “காத்திருக்கறேன்னா சொன்னா?”

“ஆமாம்ப்பா. எத்தனை நாளானாலும்.”

அவர் என் தோளில் கையை வைத்துக்கொண்டு, ஒன்றுமில்லாமல் கிடந்த அந்த மனையைப் பார்த்தபடி நின்றார். கை வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது. எவ்வளவு விதை வேண்டும், வாளியில் எவ்வளவு உப்பு போட வேண்டும் என்றெல்லாம் நான் அவருக்கு விளக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.